மணிக்கட்டு நிமிரும் வரை

கையில் டீ கிளாஸ் இருந்தால் அப்படியே பிடித்தபடி உங்கள் மணிக்கட்டைக் கொஞ்சம் பாருங்கள். விரல்கள் உள்பக்கம் மடங்கிக் கிளாஸைப் பற்றியிருக்கின்றன. மணிக்கட்டோ பின்பக்கமாகச் சற்று நிமிர்ந்திருக்கிறது. இப்போது கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மணிக்கட்டை முழுக்கக் கீழ்நோக்கி மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள். இறுகாது. விரலை மடக்கும் தசைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் மணிக்கட்டு தொங்கினால் அவற்றின் நாண்கள் தொய்ந்துபோய், இழுக்க வலு இல்லாமல் போகிறது. பிடிப்பதற்கு நிமிர்வு வேண்டும். அந்த நிமிர்வைத் தருகிற தசைகள் முன்கையின் பின்புறத்தில் இருக்கின்றன. அவை அத்தனைக்கும் கட்டளை கொண்டுபோவது ஒரே ஒரு நரம்பு. டாக்டர்கள் அதை ரேடியல் நரம்பு என்பார்கள், பாடப்புத்தகத்தில் ஆரை நரம்பு.

மேற்கை எலும்பு, அதாவது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்கிற ஹியூமரஸ், தண்டுப் பகுதியில் முறியும்போது அதிகம் அடிபடுகிற நரம்பு இதுதான். பைக்கிலிருந்து விழுந்தவர், மாடிப்படியில் சறுக்கியவர், நண்பர்களோடு மேசையில் முழங்கையை ஊன்றிக் கை மல்யுத்தம் போட்ட இளைஞர் என்று யாருக்கும் வரலாம். எலும்பு முறிந்த வலியில் முதலில் யாரும் கவனிப்பதில்லை. எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு, வீட்டுக்கு வந்து மூச்சு விட்ட பிறகுதான் "மணிக்கட்டு தூக்க வரலையே, விரல் நிமிரலையே" என்று தெரிகிறது. உடனே வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம்: நரம்பு அறுந்துவிட்டதா? கட்டுப் போட்டவர் கெடுத்துவிட்டாரா? உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். தோல் கிழியாத முறிவில் பெரும்பாலும் நரம்பு அறுந்திருக்காது. நசுங்கியோ, இழுபட்டோ இருக்கும். பெரும்பாலும் தானே திரும்பி வரும். அதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் சும்மா இருக்கக் கூடாது.

அந்த நரம்பு போகிற வழியைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். கழுத்தில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் வேர்கள் அக்குளுக்குள் பின்னிப் பிரிந்து ரேடியல் நரம்பாகின்றன. அது மேற்கையின் உள்பக்கமாக இறங்கி, எலும்பின் பின்புறத்தைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வருகிறது. கையின் மற்ற பெரிய நரம்புகளுக்கு மேற்கை எலும்போடு நடுப்பகுதியில் இவ்வளவு நெருக்கம் கிடையாது. வெளிப்பக்கம் வந்ததும் தசைகளைப் பிரிக்கிற கெட்டியான சவ்வு ஒன்றைத் துளைத்துக்கொண்டு முன்பக்கம் வருகிறது. முழங்கையின் வெளிப்புறக் குமிழிலிருந்து ஏறக்குறைய 10 செ.மீ. மேலே அந்தத் துளை இருக்கிறது. அந்த இடத்தில் நரம்புக்கு இடமும் வலமும் நகர வழியில்லை. எலும்பு அங்கே திருகி முறிந்து, கீழ்த்துண்டு மேலேறி வெளியே தள்ளினால், ஓட இடமில்லாத நரம்பு மாட்டிக்கொள்கிறது. ஆர்தர் ஹோல்ஸ்டீன், க்விலிம் லூயிஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1963இல் இதை விவரித்து எழுதினார்கள். கீழ் மூன்றில் ஒரு பங்கில் வரும் அந்தத் திருகு முறிவை இன்றைக்கும் அவர்கள் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். கை மல்யுத்தத்தில் முறிகிற எலும்பும் பெரும்பாலும் இந்த மாதிரித் திருகிக்கொண்டுதான் முறியும்.

போகிற வழியில் நரம்பு யார் யாருக்கு, எந்த வரிசையில் கிளை கொடுக்கிறது என்பது இன்னும் முக்கியம். முதல் கிளைகள் முழங்கையை நீட்டுகிற பின்தசைக்கு. அவை மேலேயே பிரிந்துவிடுவதால், எலும்பு நடுவில் முறிந்தாலும் முழங்கையை நீட்டும் வலு பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்து முழங்கைக்குச் சற்று மேலே, முன்கையின் கட்டைவிரல் பக்கமாக ஓடும் பிரேக்கியோரேடியாலிஸ் என்ற தசைக்கு. பிறகு மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளுக்கு. அப்புறம் விரல்களை நிமிர்த்தும் தசைகளுக்கு. கடைசியாகக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும். தொடு உணர்வைப் பொறுத்தவரை, புறங்கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேரும் அந்தக் கவட்டைப் பகுதி மட்டும் மரத்துப்போகும். உள்ளங்கை உணர்வு அப்படியே இருக்கும். இந்த வரிசையை நினைவில் வையுங்கள். நரம்பு திரும்பும்போது இதே வரிசையில்தான் திரும்பும்.

சோதிக்கும்போது ஏமாந்துபோகிற இடங்கள் இரண்டு உண்டு. விரலின் நுனி மூட்டுகளை நிமிர்த்துவதில் உள்ளங்கைக்குள் இருக்கிற சிறு தசைகளுக்கும் பங்கு உண்டு. அவை வேறு நரம்புகளின் கட்டளையில் இருப்பவை. அதனால் கையை யாராவது தாங்கிப் பிடித்தால் விரல் நுனி நிமிரும். "பாருங்க, விரல் அசையுதே, நரம்பு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். பார்க்க வேண்டியது விரலின் அடிமூட்டு, அதாவது கைமுட்டி, நிமிர்கிறதா என்று. இரண்டாவது, மணிக்கட்டு தொங்கும்போது விரல்களை விரிக்கவும் வலு இருக்காது. அல்நார் நரம்பும் போய்விட்டது என்று தவறாக எண்ணத் தோன்றும். உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக வைத்து விரிக்கச் சொன்னால் உண்மை தெரியும்.

வீட்டிலேயே செய்து பார்க்க எளிய வழி மூன்று அசைவுகள். கட்டைவிரலைத் தூக்கி 'சூப்பர்' என்று காட்டுவது ரேடியல் நரம்புக்கு. கட்டைவிரல் நுனியையும் ஆட்காட்டி விரல் நுனியையும் வட்டமாகச் சேர்ப்பது மீடியன் நரம்பின் கிளைக்கு. விரல்களை விரித்துச் சேர்ப்பது அல்நார் நரம்புக்கு. குழந்தைகூட விளையாட்டாகச் செய்துகாட்டிவிடும்.

இனி, நரம்பு அடிபட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பது. நரம்பு என்பது ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளின் கட்டு. தசைக்குப் போகும் ஒவ்வோர் இழையின் உயிரும் தண்டுவடத்தில் இருக்கிற ஒரு செல்லில். அங்கிருந்து விரல் தசை வரை நீண்டு வருவது அந்த ஒரே செல்லின் வால்தான். கயிற்றைப் பற்றிப் பந்தலேறிய அவரைக்கொடியாக இதை எண்ணிக்கொள்ளுங்கள். வேர் தண்டுவடத்தில். கொடி படர்ந்துள்ள கயிறு, இழையைச் சுற்றியிருக்கும் உறை. கொடியை யாரோ அழுத்திவிட்டார்கள், அது வாடித் துவண்டிருக்கிறது, ஆனால் சாகவில்லை என்றால் சில நாளிலோ சில வாரத்திலோ தலைதூக்கிவிடும். அழுத்திய இடத்தில் கொடி இற்றுவிட்டது, கயிறு அப்படியே இருக்கிறது என்றால், இற்ற இடத்துக்கு அப்பால் எல்லாம் காய்ந்து உதிரும். வேர் பக்கத்திலிருந்து புதுத்துளிர் கிளம்பி அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். கயிறும் சேர்ந்து அறுந்துவிட்டது என்றால், துளிர் கிளம்பினாலும் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் அங்கேயே சுருண்டு முடிச்சாகிவிடும்.

காயத்தை இந்த மூன்று வகையாகப் பிரித்துப் பெயர் கொடுத்தவர் ஹெர்பர்ட் செடன். இரண்டாம் உலகப்போரில் நரம்பு அறுபட்டு வந்த படைவீரர்களை ஆக்ஸ்ஃபோர்டில் பார்த்துக்கொண்டிருந்தவர், 1943இல் அதை எழுதினார். 1951இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி சண்டர்லேண்ட் அதையே ஐந்து படிகளாக விரித்தார். அடிபட்ட இடத்துக்கு அப்பால் இழை மடிகிறது என்ற அடிப்படை உண்மை அதற்கு முன்னமே தெரிந்ததுதான். 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னது அது.

துளிர் வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மி.மீ. மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். காத்திருப்பின் கணக்கு முழுவதும் இந்த எண்ணிலிருந்துதான் வருகிறது. முறிந்த இடத்திலிருந்து முதல் தசை 9 அல்லது 10 செ.மீ. தள்ளி இருந்தால், அதுவே மூன்று மாதத்துக்குக் குறையாது. நரம்பு தன்னைத் துப்புரவு செய்துகொண்டு கிளம்பவும், தசையோடு மறுபடி இணையவும் கொஞ்ச காலம் சேர்த்தால் நான்கு மாதம். கட்டைவிரல் நிமிர ஓராண்டுகூட ஆகலாம். மூன்றாம் வாரமே "இன்னும் ஒண்ணும் அசையல" என்று மனம் உடைகிறவர்களிடம் இந்தக் கணக்கை யாராவது ஒரு தாளில் போட்டுக் காட்டியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

எத்தனை பேருக்குத் திரும்புகிறது? ஷாவோவும் அவருடன் பணியாற்றியவர்களும் உலகில் வெளிவந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2005இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். மேற்கைத் தண்டு முறிவுகள் 4,517இல் 532 பேருக்கு ரேடியல் நரம்பு செயலிழந்திருந்தது. 100 பேரில் கிட்டத்தட்ட 12 பேர். அறுவை இல்லாமல் விட்டுப் பார்த்தவர்களில் 100க்கு 70 பேருக்குத் தானே திரும்பியது. பின்னால் அறுவை தேவைப்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தால் 100க்கு 88 பேருக்கு நரம்பு மீண்டது. இந்த எண்களை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். பெரும்பாலோர் மீள்கிறார்கள், அதனால் எடுத்ததுமே கையைத் திறந்து நரம்பைத் தேட வேண்டியதில்லை. கணிசமான பேர் தானாக மீளவில்லை, அதனால் "சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே ஆண்டைக் கடத்திவிடவும் கூடாது.

எலும்பு விஷயத்திலும் ஒன்று. மேற்கைத் தண்டு முறிவுக்கு எப்போதும் பிளேட் போட வேண்டும் என்று நம் ஊரில் ஒரு எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அப்படி இல்லை. 1977இல் அகஸ்டோ சார்மியென்டோ மேற்கையைச் சுற்றி இறுக்கிக்கட்டும் பிளாஸ்டிக் கவசத்தை வைத்து நன்றாகக் கூடவைக்க முடியும் என்று காட்டினார். கை தொங்கும் எடையே துண்டுகளை நேராக்குகிறது, சுற்றியுள்ள தசையின் இறுக்கம் பிடித்துக்கொள்கிறது. எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் தோள் மூட்டு அதை ஈடுகட்டிவிடும். முன்பக்கம் 20 பாகை வளைவும், பக்கவாட்டில் 30 பாகையும், 3 செ.மீ. வரை நீளக் குறைவும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது 1966இலிருந்து சொல்லப்படும் அளவு. நரம்பு செயலிழந்திருப்பது மட்டுமே பிளேட் போடக் காரணமாகாது என்பதே இன்று பலரின் நிலைப்பாடு.

ஆனால் காத்திருக்கவே கூடாத நிலைகள் இருக்கின்றன, அவற்றில் தயக்கம் வேண்டாம். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருக்கிறது, கூடவே மணிக்கட்டும் தொங்குகிறது என்றால் காயத்தைச் சுத்தம் செய்யும்போதே நரம்பைப் பார்த்துவிட வேண்டும். அரிவாளோ கண்ணாடியோ மெஷினோ வெட்டிய காயம் என்றால் நரம்பு அறுந்ததாகத்தான் கொள்ள வேண்டும். ரத்தக்குழாயும் அடிபட்டிருந்தால் கையே போகக்கூடிய அவசரம். வேறு காரணத்துக்காக எப்படியும் எலும்பைத் திறந்து பிளேட் போடப்போகிறார்கள் என்றால், அப்போது நரம்பையும் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

முதலில் நன்றாக இருந்த கை, எலும்பை இழுத்துவைத்துக் கட்டிய பிறகு தொங்கினால்? ஒரு காலத்தில் உடனே திறக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். இன்று, அப்படி வந்ததிலும் பெரும்பாலானவை மீள்கின்றன என்று தெரிந்திருப்பதால், நிறையப் பேர் காத்திருக்கவே சொல்கிறார்கள். பிளேட் அறுவைக்குப் பிறகு வருகிற தொங்கலும் அப்படித்தான். நரம்பைக் கண்ணால் பார்த்து, பத்திரமாக ஒதுக்கித்தான் பிளேட் வைத்தேன் என்று அறுவை செய்தவர் சொல்ல முடிந்தால், அது இழுவையால் வந்த சோர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், நோயாளியும் கேட்க வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்றால், முதல் சில வாரங்களில் நல்ல அல்ட்ராசவுண்ட் நிபுணர் இருந்தால் நரம்பு தொடர்ச்சியாக இருக்கிறதா, துண்டுகளுக்கு நடுவே மாட்டியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்லிவிடுவார். தசையில் ஊசி வைத்துப் பார்க்கும் இ.எம்.ஜி. டெஸ்ட்டை முதல் வாரத்தில் எடுப்பதால் அதிகப் பயனில்லை. இழை மடிந்ததன் அடையாளம் தசையில் தெரிய மூன்று வாரமாவது வேண்டும். அதனால்தான் மூன்று நான்கு வாரம் கழித்து ஒன்று, பிறகு மூன்றாம் மாதத்தை ஒட்டி ஒன்று என்று எடுக்கச் சொல்வார்கள். கண்ணுக்கு அசைவு தெரிவதற்கு முன்பே இரண்டாவது டெஸ்ட்டில் தசை உயிர்பெறுவது தெரிந்துவிடும்.

மெஷின் இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. நரம்பு போகும் தடத்தில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், துளிர் வந்து சேர்ந்திருக்கும் இடத்தில் சுரீரென்று புறங்கை வரை மின்சாரம் ஓடுவதுபோல் இருக்கும். மாதாமாதம் அந்த இடம் கீழே நகர்ந்துகொண்டே போனால் நல்ல செய்தி. பிரான்ஸின் ஜூல் தினேலும் ஜெர்மனியின் பால் ஹோஃப்மனும் 1915இல் இதைத் தனித்தனியே எழுதினார்கள். எதிரெதிரே நின்று போரிட்ட இரு நாடுகளின் மருத்துவர்கள் ஒரே ஆண்டில் ஒரே உண்மையைக் கண்டார்கள். சிறிய விஷயம்தான், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தமானது.

பிறகு, தசைகளின் வரிசை. முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, கட்டைவிரல் மேல்பார்க்க வைத்துக்கொண்டு, யாராவது கீழே அழுத்த நீங்கள் மேலே தூக்குங்கள். முன்கையின் மேல்விளிம்பில் ஒரு தசை வரப்புபோல் எழும்புகிறதா? அதுதான் பிரேக்கியோரேடியாலிஸ், முதலில் விழித்துக்கொள்வது. அப்புறம் மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்தபடி நிமிரத் தொடங்கும். அந்த நாளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள், டாக்டருக்குப் பயன்படும்.

நான்கைந்து மாதம் ஆகியும் வரப்பு எழவில்லை, இ.எம்.ஜி.யிலும் உயிர் தெரியவில்லை என்றால் நரம்பைத் திறந்து பார்க்கும் பேச்சை எடுக்க வேண்டும். தசையும் காலவரையின்றிக் காத்திருக்காது. கட்டளை வராத தசை ஒன்று ஒன்றரை ஆண்டில் நாராகிவிடும், அதற்கு அப்புறம் நரம்பு வந்து சேர்ந்தாலும் பயனில்லை. திறந்து பார்த்து, வடு இறுக்கியிருந்தால் விடுவிப்பார்கள். அறுந்து இடைவெளி இருந்தால் காலின் பின்புறத்திலிருந்து ஒரு தொடு உணர்வு நரம்பை எடுத்து ஒட்டுப்போடுவார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதை இதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். நரம்பு திரும்பி வரும்போது மூட்டுகள் இறுகிப்போயிருந்தால் வந்து என்ன பயன்? மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கும் காக்-அப் ஸ்பிளின்ட்டை முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும். போட்டதுமே கை பிடிக்க ஆரம்பித்துவிடும் என்பதைப் பலர் நம்புவதில்லை. மடக்கும் தசைகள் நன்றாகத்தானே இருக்கின்றன, அவற்றுக்கு வேண்டியது நிமிர்ந்த மணிக்கட்டு மட்டும். தினமும் பலமுறை ஸ்பிளின்ட்டைக் கழற்றி, மற்றக் கையால் மணிக்கட்டையும் ஒவ்வொரு விரலின் அடிமூட்டையும் முழுமையாக நிமிர்த்தி மடக்க வேண்டும். கட்டைவிரலை மறந்துவிடாதீர்கள், அது உள்ளங்கைக்குள் ஒடுங்கிக்கொள்வதற்குத்தான் எல்லாவற்றையும்விட அவசரம். இதைச் செய்ய மெஷின் வேண்டாம், காசு வேண்டாம், மனைவியோ மகனோ கூட உட்கார்ந்து பத்து நிமிடம் செய்தால் போதும்.

கரண்ட் வைக்கிற சிகிச்சையால் நரம்பு வேகமாக வளரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூட்டுப் பயிற்சிக்கு அது மாற்றாகாது. பி12 மாத்திரையும் அப்படித்தான். உடம்பில் அந்தச் சத்துக் குறைவாக இருந்தால் அவசியம் வேண்டும், நசுங்கிய நரம்பை அது தூக்கி நிறுத்திவிடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், புகைபிடிப்பவர்கள் நிறுத்துவதும் எலும்புக்கும் நல்லது, நரம்புக்கும் நல்லது. எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிடுவது, குறிப்பாக முழங்கையைச் சுற்றி, வேண்டவே வேண்டாம். அடிபட்ட தசைக்குள் எலும்பு விளைந்து முழங்கை பூட்டிக்கொண்டவர்களை நம் ஊர் எலும்பு மருத்துவர்கள் எல்லோருமே பார்த்திருப்பார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பொறுமையின் கதை. குழந்தைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே வருகிற முறிவு மட்டும் வேறு. ஐந்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகள் மரத்திலிருந்தோ சறுக்குமரத்திலிருந்தோ கையை ஊன்றி விழும்போது எலும்பு அந்த மெல்லிய இடத்தில் முறிந்து பின்னால் தள்ளுகிறது. முன்னால் நிற்கும் மேல்துண்டின் கூர்முனை மீடியன் நரம்பையும் அதை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயையும் குத்தலாம். அதிகம் பாதிக்கப்படுவது மீடியன் நரம்பின் உட்கிளை. அதற்குத் தொடு உணர்வு வேலை இல்லாததால் குழந்தை மரத்துப்போனதாகச் சொல்லாது, வட்டம் போடச் சொன்னால் மட்டும் நுனிகள் சேராமல் தட்டையாக ஒட்டும். இந்த நரம்புக் காயங்களும் பெரும்பாலும் சில மாதங்களில் மீண்டுவிடும். பயப்பட வேண்டியது ரத்த ஓட்டத்துக்கு.

முன்கைக்குள் வீக்கம் ஏறி, வெளியே கட்டும் இறுகிவிட்டால், உள்ளே தசைக்கு ரத்தம் போகாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் தசை மடியத் தொடங்கும், பிறகு விரல்கள் கொக்கிபோல் வளைந்து நிரந்தரமாகச் சுருங்கிவிடும். ஜெர்மனியின் ஹாலே நகரத்து ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் 1881இல் இதைப் பற்றி எழுதியபோதே இறுக்கிய கட்டைக் குற்றம்சாட்டினார்.

ஆந்திரத்துப் புத்தூரின் பெயரில் 'புத்தூர் கட்டு' என்ற பலகைகள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. அங்கே போகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அறுவைப் பயமும் செலவும் தலைமுறை நம்பிக்கையும் சேர்ந்து அழைத்துப் போகின்றன. நான் கேட்பது ஒன்றுதான்: குழந்தையின் முழங்கைக்கு மட்டும் அங்கே போக வேண்டாம். எந்தக் கட்டாக இருந்தாலும், மூங்கில் பத்தையோ ஆஸ்பத்திரி மாவுக்கட்டோ, போட்ட பிறகு குழந்தை அழுகையை நிறுத்தவில்லை, வலி மருந்து கொடுத்தும் அடங்கவில்லை, விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தினாலே துடிக்கிறது என்றால், காலை வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். விரல் நுனி சிவப்பாக இருக்கிறது, நாடி துடிக்கிறது என்பதால் ஆறுதல் கொள்ளவும் வேண்டாம், நாடி கடைசியில்தான் நிற்கும். நள்ளிரவானாலும் கிளம்புங்கள். கட்டை, உள்ளே இருக்கும் பஞ்சையும் சேர்த்து, தோல் தெரியும் வரை முழுக்க வெட்டித் திறக்க வேண்டும்.

மற்ற இரண்டு நரம்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோளுக்குக் கீழே எலும்பின் கழுத்தில் முறிந்தால், பெரும்பாலும் வயதானவர்களுக்கு, தோள் தசையை இயக்கும் ஆக்ஸிலரி நரம்பு அடிபடலாம். கையைப் பக்கவாட்டில் தூக்க வராது, தோளின் வெளிப்புறத்தில் ஒரு வட்டம் மரத்திருக்கும், பெரும்பாலும் மீளும். அல்நார் நரம்பு முழங்கையின் உள்குமிழுக்குப் பின்னால் ஓடுகிறது. சிறுவயதில் முழங்கையின் வெளிப்புற எலும்பு முறிந்து கூடாமல் விட்டவர்களுக்கு, கை வெளிப்பக்கம் வளைந்து, பல ஆண்டுகள் கழித்துச் சுண்டுவிரல் மரக்கத் தொடங்கும். அப்போது யாருக்கும் பழைய முறிவு நினைவிருக்காது. உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள்.

நரம்பு திரும்பவே இல்லை என்றாலும் கை போய்விடவில்லை. மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் வேலைக்குத் தேவைக்கு மேல் தசைகள் நமக்கு இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் நாணை எடுத்துப் பின்பக்கத்து நாண்களோடு தைத்துவிட்டால், மடக்கிக்கொண்டிருந்த தசை நிமிர்த்தக் கற்றுக்கொள்ளும். முன்கையைக் குப்புறத் திருப்பும் ஒரு தசை மணிக்கட்டை நிமிர்த்தும், மணிக்கட்டை மடக்கிய ஒன்று விரல்களை நிமிர்த்தும், உள்ளங்கைக்கு வரும் மெல்லிய நாண் ஒன்று கட்டைவிரலை நிமிர்த்தும். முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ராபர்ட் ஜோன்ஸ் ரேடியல் நரம்பு இழந்த வீரர்களுக்கு இதை முறையாகச் செய்தார். நமக்கு அருகில், வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் கடைசியில் பால் பிராண்ட் இதே நாண் மாற்றும் கலையைத் தொழுநோயால் அல்நார் நரம்பை இழந்து விரல் மடங்கிப்போனவர்களுக்குச் செய்தார். பிச்சை ஏந்துவதைத் தவிர வேறெதற்கும் ஆகாது என்று ஒதுக்கப்பட்ட கைகள் அங்கே மறுபடி கருவி பிடித்தன. நாண் மாற்றும் அறுவைகளில் ரேடியல் நரம்புக்குச் செய்வது மிக நல்ல பலன் தருபவற்றில் ஒன்று. ஆண்டுகள் கடந்தவருக்கும் செய்யலாம், மூட்டுகள் இறுகாமல் இருந்தால்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மேற்கை முறிந்தால் ஒன்றைத் தவறாமல் செய்யுங்கள். கட்டுப் போடுவதற்கு முன்னும், அறுவைக்கு உள்ளே அழைத்துப் போவதற்கு முன்னும், "டாக்டர், மணிக்கட்டு தூக்குதா, கட்டைவிரல் நிமிருதா, வட்டம் போட வருதான்னு பார்த்துச் சீட்டில் எழுதிடுங்க" என்று கேளுங்கள். கட்டுப் போட்ட பிறகும், அறுவை முடிந்து மயக்கம் தெளிந்த பிறகும் அதே மூன்றையும் பார்த்து, தேதியும் நேரமும் போட்டு எழுதச் சொல்லுங்கள். பின்னால் கை தொங்கினால், அது விழுந்தபோதே வந்ததா, சிகிச்சையின்போது வந்ததா, இனி எத்தனை மாதம் காத்திருக்கலாம் என்று தீர்மானிக்க டாக்டருக்குக் கிடைக்கும் முதல் ஆதாரம் அந்தச் சீட்டுதான்.